கர்த்தருக்குக் காத்திருப்பது என்றால் என்ன?

டிசம்பர் 31 இரவு. நடுராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் கவிழ்த்து வைத்திருக்கும் வாக்குத்தத்த அட்டைகளில் ஒன்றை எடுப்போம். அதில் இருப்பதுதான் அந்த வருஷத்துக்கான வசனம். சேலத்தில் சர்ச்சுக்குப் போகிற வீடுகளில் நிலைக்கண்ணாடி ஓரத்தில் அந்த அட்டை செருகியிருப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். என் அக்கா மகளுக்கு இந்த முறை வந்தது எரேமியா 29:11. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு" என்று தொடங்குகிற வசனம்.

"மாமா, போன வருஷமும் இதே வசனம்தான் வந்துச்சு. பழைய அட்டை இன்னும் கண்ணாடியிலேயே இருக்கு" என்றாள். மூன்று வருஷமாக அரசுத் தேர்வு எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு முறை ஒன்றரை மார்க்கில் போனது. "எல்லாரும் 'பொறுமையா இரு, கர்த்தர் பார்த்துப்பார்'னு சொல்றாங்க. சரி, பொறுமையா இருக்கிறதுன்னா காலையில எழுந்து நான் என்ன பண்ணணும்?"

இந்தக் கேள்வியை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பிறந்ததிலிருந்தே சர்ச்சில் இருந்தும் இந்த இடத்தில் இடறுகிறவர்களுக்கும் உதவும் என்றுதான் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சொல்லையே பார்க்கலாம். பொறுத்தல் என்றால் தாங்குதல், சுமத்தல். பாரத்தைப் பொறுப்பது. 'பொறுப்பு' என்கிற சொல்லும் அங்கிருந்துதான் வருகிறது. ஆகவே பொறுமை என்றதும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஆளை நினைக்கவேண்டாம். தலையில் சுமையோடு நடந்துகொண்டிருக்கும் ஆளை நினையுங்கள். புதிய ஏற்பாடு எழுதப்பட்ட கிரேக்க மொழியிலும் கிட்டத்தட்ட இதே படம்தான். அங்கே இதற்கு இரண்டு சொற்கள் உண்டு. ஒன்று ஹுப்பொமொனே: ஒரு பாரத்தின் கீழே, ஓடிப்போகாமல், தங்கி நிற்பது. இன்னொன்று மக்ரோதுமியா: கோபம் வர நெடுநேரம் பிடிப்பது. முதலாவது பெரும்பாலும் சூழ்நிலைகளைத் தாங்குவதற்கும், இரண்டாவது மனுஷர்களைத் தாங்குவதற்கும் வரும். கலாத்தியர் 5:22-ல் ஆவியின் கனிகளில் ஒன்றாக வருகிற 'நீடியபொறுமை' இந்த இரண்டாவது வகை.

நம் ஊரில் இரண்டு வேதாகம மொழிபெயர்ப்புகள் புழங்குவதால் ஒரு சின்னக் குழப்பமும் வரும். நம் புராட்டஸ்டண்ட் பக்கத்து சி.எஸ்.ஐ. சர்ச்சில் கையில் இருப்பது பழைய மொழிபெயர்ப்பு. கத்தோலிக்கர்களின் நான்கு ரோடு குழந்தை இயேசு பேராலயத்துக்குப் போனால் வாசிப்பது பொது மொழிபெயர்ப்பு. ரோமர் 5-ல் நாம் "உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது" என்று படிக்கிற இடத்தில், அங்கே "துன்பத்தால் மனவுறுதி" என்று இருக்கும். மூலச்சொல் ஒன்றே, அந்த ஹுப்பொமொனேதான். எனக்கு அந்த 'மனவுறுதி' பிடிக்கும். பொறுமைசாலி என்றால் வாயில்லாப் பூச்சி என்று நாம் வைத்திருக்கும் அர்த்தத்தை அது கொஞ்சம் கலைத்துவிடுகிறது. இன்னொன்று, நாம் 'விசுவாசம்' என்பதை அவர்கள் 'நம்பிக்கை' என்பார்கள். நாம் 'நம்பிக்கை' என்பது அவர்களுக்கு 'எதிர்நோக்கு'. கத்தோலிக்கத் தோழியோடு பேசும்போது இதை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி வாக்குவாதம் மிச்சம்.

சரி, சுமை என்று சொன்னோம். பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு கல்லை நட்டு, குறுக்கே ஒரு கல்லைப் போட்டு, ஆள் உயரத்துக்கு நிற்கும். தலைச்சுமையோடு வருகிறவர் குனிய வேண்டாம், இறக்கிவிட ஆள் தேட வேண்டாம். அப்படியே தலையிலிருந்து கல்லுக்கு நகர்த்திவிட்டு மூச்சு வாங்கலாம், பிறகு எடுத்துக்கொண்டு போகலாம். "கர்த்தர்மேல் உன் பாரத்தை வைத்துவிடு, அவர் உன்னை ஆதரிப்பார்" என்று சங்கீதம் 55 சொல்லும்போது எனக்கு அந்தக் கல்தான் கண்ணில் வரும். சுமப்பது பொறுமை. இறக்கி வைக்க ஓர் இடம் இருக்கிறது, அது சரியாது என்று தெரிந்து சுமப்பது விசுவாசம்.

இரண்டாவது இல்லாமல் முதலாவது மட்டும் இருந்தால் என்ன ஆகும்? சவுல் ராஜாவுக்கு அதுதான் ஆனது. 1 சாமுவேல் 13-ஐப் படித்துப் பாருங்கள். தீர்க்கதரிசி சாமுவேல் வரும்வரை 7 நாள் காத்திரு என்று சொல்லியிருந்தது. சவுல் காத்திருந்தான், அதை மறுக்க முடியாது. ஏழாம் நாளும் வந்தது. எதிரே பெலிஸ்தர்; இவனிடம் இருந்த ஜனங்களோ ஒவ்வொருவராகக் கலைந்துபோகிறார்கள். சாமுவேலைக் காணோம். பலியை நானே செலுத்திவிடுகிறேன் என்று செலுத்திவிட்டான். செலுத்தி முடித்த கையோடு சாமுவேல் வந்து நிற்கிறார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சவுல்மேல் இரக்கம்தான் வரும். நானாக இருந்தால் நாலாம் நாளே செலுத்தியிருப்பேன். ஆனால் அவன் நாளை எண்ணினானே தவிர, நாளைக் கொடுத்தவரை நம்பவில்லை என்பதும் தெரிகிறது. தவணை முடியும் மட்டும்தான் அவனுடைய காத்திருப்பு செல்லும்.

இப்போது அந்த அட்டை வசனத்துக்கு வருவோம். நம் வீடுகளில் அதிகமாக மாட்டப்பட்டிருக்கும் வசனங்களில் எரேமியா 29:11-ம் ஒன்று. அதற்கு ஒரு வசனம் முன்னால், 29:10-ல் என்ன இருக்கிறது என்று அக்கா மகளிடம் கேட்டேன். தெரியவில்லை. எடுத்துப் படித்தாள். எழுபது வருஷம் என்று இருந்தது.

விஷயம் இதுதான். கி.மு. 597-ல் எருசலேமிலிருந்து ஒரு பெருங்கூட்டத்தைப் பாபிலோன் ராஜா சிறைபிடித்துக் கொண்டுபோனான். ஊர் போயிற்று, ஆலயம் எட்டாத தூரத்தில். அந்த நேரத்தில் அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாம் சரியாகிவிடும், ஆலயத்துப் பாத்திரங்கள்கூடத் திரும்பி வந்துவிடும் என்று சொன்னான். இது 28-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. ஜனங்களுக்கு அது எவ்வளவு இனித்திருக்கும்! எரேமியா அதைக் கேட்டு, ஆமென், அப்படியே ஆகட்டும் என்றுதான் முதலில் சொல்கிறார். ஆனால் கர்த்தர் அனனியாவை அனுப்பவில்லை. அப்புறம் எரேமியா பாபிலோனுக்கு எழுதின கடிதம்தான் 29-ஆம் அதிகாரம். இரண்டு வருஷம் இல்லையப்பா, எழுபது வருஷம். அதுவரைக்கும் வீடு கட்டுங்கள், குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள் (29:5), பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடுங்கள். இவ்வளவும் சொல்லிவிட்டுத்தான் 'எதிர்பார்த்திருக்கும் முடிவு' வருகிறது.

அந்தக் கடிதத்தைக் கேட்டவர்களில் முப்பது வயதுக்காரர் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அந்த முடிவை அவர் கண்ணால் பார்க்கப் போவதில்லை. ஆனாலும் அவருக்கும் சேர்த்துத்தான் அது வாக்குத்தத்தம். அட்டையில் இடம் போதாது, அதனால் 11-ஆம் வசனத்தை மட்டும் அச்சடிக்கிறார்கள். அச்சடிக்கிறவர்களைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் 12 மாதக் கெடு வைத்த சீட்டுப் பணம் மாதிரி அதை எடுத்துக்கொண்டோமானால், டிசம்பர் வரும்போது கர்த்தர் நம்மை ஏமாற்றிவிட்டதாகத் தோன்றும். உண்மையில் ஏமாற்றியது நமக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிற அனனியா.

தோட்டம் போடுங்கள் என்று எரேமியா எழுதியதும் எனக்கு ஞாபகம் வருவது ஏற்காட்டில் பெரியப்பாவின் காப்பித் தோட்டம். மூன்று ஏக்கர், சில்வர் ஓக் நிழல், மரத்துக்கு மரம் மிளகுக் கொடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்தச் சேர்வராயன் மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்ததிலிருந்து இங்கே அந்தச் செடியின் கணக்கு மாறவில்லை. நட்டால் காய்ப்புக்கு மூன்று நாலு வருஷம். அதற்குப் பிறகும் ஒவ்வொரு வருஷமும் ஒரு காத்திருப்பு.

மார்ச் மாதத்தில், லெந்து என்கிற தவக்கால நாட்களில், அங்கே போய்ப் பாருங்கள். கிளைக் கணுக்களில் மொட்டு விட்டிருக்கும். விரியாது. வாரக்கணக்கில் அப்படியே நிற்கும், ஒரு நல்ல மழைக்காக. தூறல் போட்டால் ஆகாது; அரைகுறை மழையில் மொட்டு பாழாகிப்போகும். பெய்ய வேண்டிய அளவு பெய்துவிட்டால் எட்டுப் பத்து நாளில் தோட்டம் முழுக்க வெள்ளை வெளேர் என்று பூத்துவிடும். மல்லிகை வாசம், தேனீ இரைச்சல். இரண்டு மூன்று நாள்தான், எல்லாம் கருகிவிடும். அதற்கப்புறம் பார்க்கிறவர்களுக்கு ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். எட்டு ஒன்பது மாதம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முன்னால் நாம் திருவருகைக் காலத்து மெழுகுவர்த்தி ஏற்றும் நாட்களில், பழம் பறிக்கத் தொடங்குவார்கள்.

அந்த நடு மாதங்களில் பெரியப்பா என்ன செய்கிறார்? கவாத்து செய்வார். நிழல் மரத்தின் கிளைகளைக் கழிப்பார். உரம் வைப்பார். தண்டுத் துளைப்பான் என்று ஒரு வண்டு, அரபிக்கா செடிக்கு எமன். பட்டை வெடிப்பில் முட்டை வைக்கும். அதற்காகத் தேங்காய் நாரைக் கையில் சுற்றிக்கொண்டு ஒவ்வொரு செடியின் தண்டையும் மேலிருந்து கீழே தேய்த்துக்கொண்டே போவார். ஒரு நாள் கூடவே நடந்து பார்த்தேன், எனக்கு அரை மணி நேரத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. புழு உள்ளே போய்விட்ட செடியைப் பிடுங்கிப்போட்டு எரித்துவிடுவார், யோசிக்க மாட்டார். ஆனால் மழையைப் பற்றிக் கேட்டால் வானத்தைக்கூடப் பார்க்க மாட்டார். "அது நம்ம வேலை இல்லப்பா."

யாக்கோபு தன் நிருபத்தில் இதே ஆளைத்தான் சொல்கிறார். பயிரிடுகிறவன் "முன்மாரியும் பின்மாரியும் வருமளவும், நீடிய பொறுமையோடே காத்திருக்கிறான்" (5:7). பாலஸ்தீனத்தில் முன்மாரி என்பது அக்டோபர், நவம்பர் வாக்கில் விதைப்புக்கு வருகிற மழை. பின்மாரி மார்ச், ஏப்ரலில், கதிர் முற்றுவதற்கு. இரண்டுமே மனுஷன் கையில் இல்லை. உழுவதும் களை எடுப்பதும் அவன் கையில். எது என் வேலை, எது என் வேலை இல்லை என்று பிரிக்கத் தெரிவதுதான் காத்திருப்பில் பாதி. நாம் பெரும்பாலும் மாற்றிச் செய்கிறோம். மழையைப் பற்றிக் கவலைப்பட்டு ராத்திரி தூங்காமல் இருப்போம், காலையில் தண்டு தேய்க்க உடம்பில் தெம்பு இருக்காது.

பறிப்பில் இன்னொன்றும் கவனித்தேன். ஒரே கிளையில், பக்கத்துப் பக்கத்தில், ஒரு பழம் செக்கச் செவேல் என்று இருக்கும், ஒன்று பச்சையாக இருக்கும். அதே மழை, அதே உரம்தான். சிவந்ததை மட்டும் பறித்துவிட்டுப் போவார்கள். மூன்று நாலு தடவை அதே செடிக்குத் திரும்பி வருவார்கள். பச்சையையும் சேர்த்து உருவிவிட்டால் காப்பியில் ருசி கெட்டுவிடும். இதை அக்கா மகளிடம் சொன்னதற்குக் காரணம், அவளோடு படித்த பெண்ணுக்குப் போன மாதம் போஸ்டிங் வந்தது.

பெரியவர்களின் கதைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அவற்றை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருப்பீர்கள். ஆபிரகாம் புறப்பட்டபோது வயது 75, ஈசாக்கு பிறந்தபோது 100. நடுவில் பொறுக்க முடியாமல் அவரும் சாராளும் ஒரு குறுக்கு வழி பார்த்தார்கள், 86 வயதில் இஸ்மவேல் பிறந்தான், வீட்டில் நிம்மதி போயிற்று. அந்த 25 வருஷத்தில் கஷ்டம் என்னவென்றால், அவருக்கு அது 25 என்று தெரியாது. ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு, ஒவ்வொன்றுக்கும் எண் போட்ட பலகை இருக்கும். வாந்தி வருகிற பிள்ளைக்குக்கூட "பதினேழு வந்துடுச்சு, இன்னும் மூணுதான்" என்று சொல்லலாம். ஆபிரகாமுக்குப் பலகை இல்லை. யோசேப்பு 17 வயதில் விற்கப்பட்டு 30 வயதில் பார்வோன்முன் நின்றான். ஆனால் அவன் சும்மா இருந்தவன் இல்லை. சிறையில் இருக்கும்போது பானபாத்திரக்காரனிடம், நீ வாழ்வடையும்போது என்னை நினைத்துக்கொள், பார்வோனிடம் சொல் என்று வாய்விட்டுக் கேட்டான். அவன் மறந்துபோனான், இன்னும் இரண்டு வருஷம் போயிற்று. விண்ணப்பம் போடுவது அவிசுவாசம் என்று உங்களிடம் யாராவது சொன்னால் யோசேப்பைக் காட்டுங்கள்.

புலம்பலாமா? இதைப் புதிதாக வருகிறவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். தாராளமாகப் புலம்பலாம். சங்கீதம் 13-ல் முதல் இரண்டு வசனத்துக்குள் தாவீது "எதுவரைக்கும்" என்று நாலு தரம் கேட்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு "எல்லாம் நன்மைக்கே" என்று சொல்வதைவிட இது நேர்மையானது, வேதத்துக்கும் பொருத்தமானது. யாரிடம் புலம்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது விசுவாசம். நம் சபைகளில் எனக்கு ஒரு சின்ன மனக்குறை உண்டு. சாட்சி சொல்லக் கூப்பிட்டால் பதில் கிடைத்தவர்கள்தான் எழுந்து வருவார்கள். "பத்து வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் ஒன்றும் நடக்கவில்லை, ஆனாலும் இந்த வாரமும் வந்திருக்கிறேன்" என்று ஒருத்தராவது மைக்கில் சொன்னால் பின்பெஞ்சில் இருக்கும் எத்தனை பேர் நிமிர்ந்து உட்காருவார்கள்!

என் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது ஒரு பரிசோதனை முடிவுக்காகக் காத்திருந்தோம். நாலு நாளில் வரும் என்றார்கள். வந்தது வேறு யாருடையதோ. பெயர் மாறிவிட்டது என்று மறுபடி எடுத்தார்கள். மொத்தம் ஒன்பது நாள். நான் அந்த ஒன்பது நாளும் ஃபோனைக் கீழே வைக்கவில்லை. தெரிந்தவர், தெரியாதவர் எல்லாரிடமும் கேட்டேன், பார்க்கக்கூடாததை எல்லாம் இணையத்தில் பார்த்தேன், ரிசப்ஷனில் இருந்த பெண்ணிடம் கத்தவும் செய்தேன். அம்மா காலையில் கஞ்சி வைத்துக் கொடுத்துவிடுவாள். சாயந்திரம் டிஃபன் கேரியர் திரும்பி வரும். அதைக் கழற்றி, ஒவ்வொரு அடுக்காகப் புளி போட்டுத் தேய்த்து, துடைத்து, கவிழ்த்து வைப்பாள். அப்புறம் அடுப்படியில் நின்றபடியே, ஈரக் கையோடு, ஒரு ஜெபம். ஒன்பது நாளும் ஒரே ஜெபம். "ஆண்டவரே, என்னால ஆனது இன்னிக்கு முடிஞ்சுது. மிச்சம் உம்ம பாடு." விளக்கை அணைத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். தூங்கவும் செய்வாள்.

முடிவு நல்லதாக வரவில்லை. அப்பா அதற்கப்புறம் இரண்டு வருஷம் இருந்தார். அந்த இரண்டு வருஷமும் அம்மாவின் ஜெபம் மாறவில்லை. அதனால்தான் அந்த ஜெபத்தை நான் நம்புகிறேன். பவுல் தன் சரீரத்தில் இருந்த முள்ளை எடுத்துப்போடச் சொல்லி மூன்று தரம் கேட்டார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில் வந்தது. கேட்டது கிடைக்கும் என்று நம்புவது ஒன்று. கேட்கப்படுகிறவர் நல்லவர் என்று நம்புவது வேறொன்று. கிறிஸ்தவம் கற்றுத்தருவது இரண்டாவதை. முதலாவது சில சமயம் சேர்ந்தே வரும், சில சமயம் வராது.

பொறுமையைத் தப்பான இடத்தில் கொண்டுபோய்ப் பொருத்துவதையும் சொல்லியாக வேண்டும். புருஷனிடம் அடி வாங்குகிற பெண்ணிடம் "பொறுத்துப்போம்மா, ஜெபம் பண்ணு" என்று சொல்லி அனுப்புவது ஆவியின் கனி இல்லை, அக்கிரமத்துக்குத் துணைபோவது. நெஞ்சு வலிக்கிறவர் டாக்டரிடம் போகாமல் உட்கார்ந்திருப்பதும் விசுவாசம் இல்லை. லூக்கா 18-ல் இயேசு ஒரு விதவையைக் காட்டுகிறார். அநீதியான நியாயாதிபதியிடம் நியாயம் கேட்டுத் திரும்பத் திரும்பப் போய் நின்றவள். தாலுகா ஆபீஸுக்கு ஒரு சான்றிதழுக்காகப் பத்து நடை நடந்தவர்களுக்கு அவளைத் தனியாக அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சோர்ந்துபோகாமல் ஜெபம்பண்ண வேண்டும் என்பதற்கு இயேசு எடுத்த உதாரணம் அவள்தான், அடங்கி உட்கார்ந்திருந்த யாரும் இல்லை.

இனி, காலையில் எழுந்து என்ன பண்ணுவது என்ற கேள்வி. பெரிதாக ஒன்றும் வேண்டாம். எதற்காகக் காத்திருக்கிறோமோ அதை ஒரு நோட்டில் எழுதுங்கள். அதன்கீழ் இன்றைக்கு என் கையில் இருக்கிற வேலை எது என்று எழுதுங்கள், ஒன்று போதும். அதைச் செய்யுங்கள். ராத்திரி ஒரு சங்கீதம் படியுங்கள். 13, 27, 40, 130 இந்த நாலையும் மாற்றி மாற்றிப் படித்தாலே போதும், காத்திருக்கிறவர்களுக்காகவே எழுதினது போல இருக்கும். அப்புறம் மிச்சத்தை ஒப்படைத்துவிட்டுப் படுங்கள். நடுராத்திரியில் விழிப்பு வந்து கவலை மறுபடி தலைக்கு ஏறினால், மறுபடி கல்லில் இறக்குங்கள். நான் இதைச் செய்ய ஆரம்பித்தபோது ஒரே ராத்திரியில் ஆறு ஏழு தரம் இறக்கவேண்டியிருந்தது. சபையில் ஒரே ஒருவரிடமாவது நிலைமையைச் சொல்லி வையுங்கள், ஆனால் "எப்ப நல்ல செய்தி?" என்று ஒவ்வொரு வாரமும் கேட்கிறவரிடம் வேண்டாம். வேறு யாராவது பார்த்துச் சொல்லுங்கள். கனி என்று வேதம் சொல்வதால், இது ஒரு வாரத்தில் வந்துவிடாது என்பதையும் எதிர்பார்த்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகள், "அனனியா கணக்குப்படி பார்த்தா எனக்குப் போன வருஷமே வேலை கிடைச்சிருக்கணும் மாமா" என்று சிரித்தாள். கண்ணாடியில் இருந்த இரண்டு அட்டைகளையும் எடுத்தாள். பழையதன் பின்பக்கத்தில் பென்சிலால் "29:5" என்று குறித்து, அரசியலமைப்புப் புத்தகத்தில் விட்ட பக்கத்தில் வைத்து மூடினாள். ஆறு மணிக்குக் கோச்சிங் க்ளாஸ். பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டாள்.